பன்னிரண்டு நாள் கணக்கு

கடல்தான் என்று நினைத்தேன்.
யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.
விடியுமுன் வள்ளம் ஏறினால்
மதியம்வரை நெஞ்சளவு உப்பில்.
புருசன் சட்டைக்கு மேலே கயிறு, கயிற்றில் சாக்கு,
விரலில் சுற்றிய துணி, காலில் அலுமினியத் தட்டு.
ஒரு ஈரம் காயுமுன் அடுத்த ஈரம்.
அங்கே அரிக்காமல் வேறெங்கே அரிக்கும்?

மூன்று வருசம்.

பாம்பன் மருந்துக்கடையில்
'கைக்குத்தான்' என்று பொய் சொல்லி
ஏழு ட்யூப் வாங்கியிருக்கிறேன்.
கடைப்பையன் என் கையைப் பார்ப்பான்.
பாறை கிழித்த கீறல் தவிர
அதில் ஒன்றும் இருக்காது.
களிம்பு பூசிய வாரம் அடங்கும்
நிறுத்திய வாரம் நெருப்பு.

ஒரு ராத்திரி அவர் கேட்டார்:
'இது எங்கேருந்து ஒட்டிக்கிட்டு வந்துச்சு?'
தனக்கு ஒன்றுமில்லை என்பதே
அவர் கையிலிருந்த சாட்சி.
நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.
அப்போதும் அரித்தது.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி.
சீட்டு எழுதுகிற பெண் கேட்டாள், 'எங்கே?'
'அடியில.'
'அடியிலன்னா?'
மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடாப்பாசி,
கண்ணை மூடி விரலால் தொட்டே பேர் சொல்வேன்.
வாடை, கொண்டல், கச்சான்,
முகத்தில் பட்டதும் சொல்வேன்.
இதற்கு என்னிடம் பேர் இல்லை.
வசவில் வருகிற ஒன்று இருக்கிறது.
அதை எப்படிச் சீட்டில் எழுதச் சொல்வது?

டாக்டர் சுலைஹா கீழக்கரைக்காரர்.
பஞ்சுக்குச்சியில் எடுத்துப் பார்த்தார், காளான் இல்லை.
சர்க்கரை பார்த்தார், அதுவும் இல்லை.
'எந்த நாள்ல அதிகம்?'
எல்லா நாளும்தான் என்றேன்.
காலண்டர் ஒன்று கொடுத்து
கோடு போட்டு வரச் சொன்னார்.
கொஞ்சம்னா ஒன்று, தாங்கலைன்னா மூன்று.

அமாவாசைக்கு ஆறு, பௌர்ணமிக்கு ஆறு,
நாங்கள் பாசிக்குப் போவது மாதம் பன்னிரண்டு நாள்.
அந்தப் பன்னிரண்டிலும்
ஒற்றைக் கோடுதான்.
வீட்டில் இருந்த நாளெல்லாம்
மும்மூன்றாய்க் கறுத்துக் கிடந்தது.

தலைகீழாய்ப் பிடித்துவிட்டேனோ என்று
காலண்டரைத் திருப்பிப் பார்த்தேன்.

'வீட்ல இருக்கிறப்ப என்ன செய்றீங்க,
கடலுக்குப் போன நாள்ல செய்யாதது?'
ஒன்றுமில்லையே. சோறாக்குவேன், பாசி காயப்போடுவேன்.
'கழுவுறது?'

கடல் நாளில் சோர்ந்து வருவேன்.
லாரித் தண்ணி, குடம் பத்து ரூபாய்,
அதில் அரைக்குடம் ஊற்றிக்கொண்டு சாய்ந்துவிடுவேன்.
வீட்டு நாளில் நேரம் இருக்கும்.
ஆஸ்பத்திரி வாசம் அடிக்கிற அந்தப் பழுப்புத் திரவம்
தண்ணீரில் விட்டால் பாலாய் விரியும்.
மூடியில் ஒன்று.
அரித்தால் இரண்டு.
காலையும் மாலையும். சில நாள் மத்தியானமும்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.
நானும் பேசவில்லை.
ஒழுகுதே என்று நான் அடித்த ஆணிதான்
பலகையைப் பிளந்துகொண்டிருந்தது.

எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்.
திரவம், சோப்பு, பவுடர், ஏழு ட்யூப்.
வெறும் தண்ணீர். கரை ஏறியதும் காய்ந்த பருத்தித் துணி.
களிம்புகள் தோலை மெலிதாக்கிவிட்டன என்றார்,
ஆறக் கொஞ்ச காலம் பிடிக்கும்.

முதல் பத்து நாள் சொல்ல முடியாது.
பாயின் கோரையைப் பிய்த்துப் பிய்த்து
ஒரு மூலையே இல்லாமல் போனது.
பிறகு ஒரு மத்தியானம், சாக்கு நிறைந்து, நீருக்கு மேலே வந்து
மூச்சு வாங்குகையில்
காலையிலிருந்து அதை நினைக்கவே இல்லை என்பது
நினைவுக்கு வந்தது.

முழுக்கப் போகவில்லை.
இடப்பக்கம் மிளகளவு வெள்ளை ஒன்று இருக்கிறது.
வருகிற பதினாலாம் தேதி
அதில் துளி எடுத்துப் பார்ப்பார்கள்.
பயம் உண்டு. பேர் தெரிந்த பயம்.

இன்று வள்ளத்தில் நாகேசுவரி
ஒருக்களித்தே உட்கார்ந்திருந்தாள்.
அந்த உட்காரலை எனக்குத் தெரியும்.
இன்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது.
அவள் காதருகில் குனிந்தேன்.

'எத்தன மூடி ஊத்துற?'